முடிவைக் காட்டாத இறந்தகாலம்

இறந்துபோன ஒருவரைப் பற்றிப் பேசும்போது தமிழ் எதிர்காலத்துக்குப் போய்விடுகிறது. ‘தாத்தா கோழி கூவுமுன் எழுந்திருப்பார், வாய்க்காலில் குளிப்பார், வந்து திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.’ மூன்று வினைமுற்றுகளும் எதிர்காலத்துக்கு உரியவை. பேசப்படும் மனிதரோ இருபது வருடங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். ஆனாலும் கேட்பவர் யாரும் குழம்புவதில்லை. அதையே ‘எழுந்தார், குளித்தார், படித்தார்’ என்று மாற்றிச் சொன்னால் ஏதோ ஒரு நாளில் நடந்த சங்கதியாகிவிடும். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும். ‘எழுந்திருப்பார்’ என்பதில் அந்தக் கேள்வி எழுவதில்லை. அங்கே நாள் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதில்லை. தாத்தாவின் காலம் முழுவதும் ஒரே விடியற்காலையாக நிற்கிறது. பிரெஞ்சு மொழி இந்த உணர்வுக்கென்று தனி வினைவடிவமே வைத்திருக்கிறது. அதன் பெயர் ‘அம்பர்ஃபே’. முற்றுப்பெறாதது என்று பொருள்படும் லத்தீன் இலக்கணச் சொல்லின் வழி வந்த பெயர் அது. இன்றைய பிரெஞ்சில் அதே சொல்லுக்குக் ‘குறையுள்ளது’ என்றும் பொருள் உண்டு. இலக்கணத்தில் அந்தப் பொருளை மறந்துவிட வேண்டும். இந்த வடிவத்தில் குறை ஏதும் இல்லை.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு படிக்கும் பலர் ஆங்கிலப் பாலம் வழியாகவே அந்த மொழிக்குள் போகிறார்கள். அம்பர்ஃபே வரும் இடத்தில் இரண்டு ஆங்கில வாய்பாடுகள் அவர்கள் கையில் தரப்படுகின்றன: செய்துகொண்டிருந்ததைச் சொல்ல ஒன்று, வழக்கமாகச் செய்ததைச் சொல்ல ஒன்று. கூடவே ஒரு விதி: நீண்ட நேரம் நடந்தது என்றால் அம்பர்ஃபே, சட்டென்று நடந்தது என்றால் ‘பஸ்ஸே கொம்போஸே’ என்னும் மற்ற இறந்தகாலம். வாய்பாடுகள் அரைகுறை, விதி தவறு. செயல் எவ்வளவு நேரம் நடந்தது என்பதைப் பற்றி அம்பர்ஃபேவுக்கு அக்கறை கிடையாது. சொல்பவர் அந்தச் செயலின் முடிவைக் கண்ணில் காட்டுகிறாரா, மறைக்கிறாரா என்பதுதான் அதன் ஒரே விஷயம். இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலத்தைவிடத் தமிழ் நெருங்கிய வழி என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

முதலில் வடிவத்தைப் பார்த்துவிடலாம், அது எளிது. பிரெஞ்சு வினைகள் முரட்டுத்தனத்துக்குப் பேர்போனவை. நிகழ்காலத்தில் ஒரே வினை ஆளுக்கு ஒரு முகம் காட்டும். அம்பர்ஃபேவில் அந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. நிகழ்காலத்தில் ‘நாங்கள்’ என்பதற்குரிய ‘நூ’ வடிவத்தை எடுத்து, அதன் கடைசி மூன்று எழுத்துகளான ஓ, என், எஸ் ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். மிஞ்சும் பகுதியோடு ‘நான்’, ‘நீ’ இரண்டுக்கும் ஏ-ஐ-எஸ். ‘அவன், அவள்’ என்பதற்கு ஏ-ஐ-டி. ‘நாங்கள்’ என்பதற்கு ஐ-ஓ-என்-எஸ். ‘நீங்கள்’ என்பதற்கு ஐ-ஈ-இசட். ‘அவர்கள்’ என்பதற்கு ஏ-ஐ-ஈ-என்-டி. பேசு என்னும் வினையில் ‘நூ பார்லோன்’ என்பது நாங்கள் பேசுகிறோம். அதிலிருந்து ‘ழெ பார்லெ’, ‘நூ பார்லியோன்’, ‘வூ பார்லியே’ என்று விரியும். (பிரெஞ்சின் மென்மையான ஜகர ஒலிக்கு ழகரம் எழுதுவது தமிழ் மொழிபெயர்ப்பாளர்களிடம் உள்ள வழக்கம், அதையே இங்கும் பின்பற்றுகிறேன்.) எழுத்தில் ஐந்து விகுதிகள் இருந்தாலும் காதுக்கு மூன்றுதான். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கு இடங்களிலும் கடைசி மெய்கள் ஊமை. எல்லாமே ‘பார்லெ’ என்றுதான் ஒலிக்கும்.

‘நூ’ வடிவத்தை ஏன் அடியாகக் கொள்ள வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. காரணம் அழுத்தத்தில் இருக்கிறது. குடி என்னும் வினை நிகழ்காலத்தில் ‘ழெ ப்வா’ என்றும் ‘நூ புவோன்’ என்றும் இருவேறு உருவம் கொள்கிறது. பழைய மொழியில் அழுத்தம் வினையடி மேல் விழுந்த இடங்களில் அதன் உயிர் நெளிந்து மாறிவிட்டது. விகுதி மேல் விழுந்த இடங்களில் அடி வேறு வழியில் போயிற்று. ‘நூ’ வடிவத்தைப் போலவே அம்பர்ஃபேவிலும் அழுத்தம் எப்போதும் விகுதி மேல்தான். ஆகவே இரண்டும் ஒரே அடியைப் பகிர்ந்துகொள்கின்றன: ‘ழெ புவெ’, நான் குடித்துக்கொண்டிருந்தேன். எடு என்பதற்கு ‘நூ ப்ரெனோன்’, ‘ழெ ப்ரெனெ’. முடி என்பதற்கு ‘நூ ஃபினிஸோன்’, ‘ழெ ஃபினிஸெ’. நிகழ்காலத்தில் அடையாளமே தெரியாமல் மாறும் போ என்னும் வினைகூட ‘நூஸ் அலோன்’, ‘ழாலெ’ என்று வழிக்கு வந்துவிடுகிறது. அடங்காதது ஒன்றே ஒன்று: இரு என்னும் வினை. அதன் ‘நூ சொம்’ வடிவத்தில் நீக்க வேண்டிய விகுதியே இல்லை என்பதால் ‘ழேதெ’, ‘இல் ஏதெ’ என்று தனி அடி எடுத்துக்கொள்கிறது. மழை பெய்தல், வேண்டியிருத்தல் போன்ற வினைகளுக்கு ‘நூ’ வடிவம் கிடையாது. ‘இல் ப்ளுவெ’ (மழை பெய்துகொண்டிருந்தது), ‘இல் ஃபாலெ’ (வேண்டியிருந்தது) என்பவற்றை அப்படியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எழுத்துக்கூட்டலில் ஒரு சிறு கவனம். சாப்பிடு என்னும் வினையில் ‘மான்ழெ’ என்று எழுதும்போது ஜி எழுத்துக்குப் பின் ஓர் ஈ சேர்க்காவிட்டால் அது ககர ஒலியாகிவிடும். ‘நூ மான்ழியோன்’ என்பதில் ஐ எழுத்தே அந்த வேலையைச் செய்துவிடுவதால் ஈ தேவையில்லை.

இந்த விகுதிக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் பலவற்றில் இதே சொற்கள் ஏ-ஐ என்பதற்குப் பதிலாக ஓ-ஐ என்று அச்சாகியிருக்கும். உச்சரிப்பு எப்போதோ மாறிவிட்டது, எழுத்து அசையவில்லை. பேசுவதைப் போல் எழுதுவோம் என்று விடாமல் வாதாடி, தன் நூல்களிலும் அப்படியே எழுதியவர் எழுத்தாளர் வொல்தேர். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் 6-ஆம் பதிப்பில், 1835-இல்தான் இதை ஏற்றது. வொல்தேர் இறந்து அப்போது 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘பிரெஞ்சு’ என்னும் மொழிப்பெயரே அந்த மாற்றத்தில் ‘ஃப்ரான்ஸெ’ என்று எழுத்து மாறியது. ‘ஃப்ரான்ஸ்வா’ என்னும் ஆள்பெயர் மட்டும் பழைய எழுத்தோடு தங்கிவிட்டது.

இனி அந்த நீளக் கணக்குக்கு வருவோம். பதினான்காம் லூயி 1643 முதல் 1715 வரை 72 ஆண்டுகள் பிரான்ஸின் அரியணையில் இருந்தார். ‘லூயி 72 ஆண்டுகள் ஆண்டார்’ என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? நீண்டதற்கு அம்பர்ஃபே என்றால் இதைவிட நீண்டது எது? ஆனால் பிரெஞ்சுக்காரர் இங்கே பஸ்ஸே கொம்போஸேயில் ‘ஆ ரேஞே’ என்பார். எண்ணிக்கையைச் சொன்ன கணமே இரு முனைகளும் அளந்து மூடப்பட்டுவிட்டன. ‘அப்போது பதினான்காம் லூயி ஆண்டுகொண்டிருந்தார்’ என்று, அந்த ஆட்சிக்குள் நடந்த வேறொன்றைச் சொல்வதற்கு முன்னுரையாகச் சொன்னால் மட்டுமே ‘ரேஞெ’ என்னும் அம்பர்ஃபே வரும். அதே அரசர், அதே 72 ஆண்டுகள். மாறியது சொல்பவர் நிற்கும் இடம். பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்ப்பவருக்கு இரண்டு கரையும் தெரியும். நட்டாற்றில் இடுப்பளவு நீரில் நிற்பவருக்குச் சுற்றிலும் தண்ணீர்தான்.

குறுகிய செயல்களும் இதையே சொல்கின்றன. கிளம்புதல் என்பது ஒரு நொடி வேலை. ‘அவன் வந்தபோது’ என்று தொடங்கி, கிளம்பு என்னும் வினையை அம்பர்ஃபேவில் ‘ழெ பார்தெ’ என்று முடித்தால், அவன் வந்தபோது நான் கிளம்பிக்கொண்டிருந்தேன் என்று பொருள். கதவருகில் செருப்பு மாட்டும் வேளையில் வந்து நிற்கிறான். பஸ்ஸே கொம்போஸேயில் ‘ழெ ஸ்வி பார்தி’ என்றால், அவன் வந்ததும் நான் கிளம்பிவிட்டேன். அவனைப் பார்க்கப் பிடிக்காமலும் இருக்கலாம். நீளத்தில் வேறுபாடே இல்லாத ஒரு செயலில், வினைவடிவம் இரண்டு மனிதர்களின் உறவையே மாற்றிவிடுகிறது. தமிழ் இந்த வேறுபாட்டைச் சிரமமில்லாமல் காட்டுகிறது என்பதை, மேலே தந்த இரண்டு தமிழ் வாக்கியங்களே சொல்லும்.

தமிழ் இன்னும் நுட்பமான இடத்திலும் கைகொடுக்கிறது. ‘இது எனக்கு நேற்றே தெரியும்’ என்கிறோம். நேற்று என்று சொல்லிவிட்டுத் ‘தெரியும்’ என்று முடிக்கிறோம், ‘தெரிந்தது’ என்பதில்லை. ‘நேற்றுதான் தெரிந்தது’ என்றால் விஷயம் வேறு: அறியாமை முடிந்து அறிவு தொடங்கிய கணம் அது. முந்தையதற்குப் பிரெஞ்சு ‘ழெ ஸாவெ’ என்னும் அம்பர்ஃபேவையும், பிந்தையதற்கு ‘ழே ஸூ’ என்னும் பஸ்ஸே கொம்போஸேயையும் தரும். ‘அந்த வயதிலும் அவரால் பத்து மைல் நடக்க முடியும்’ என்பது இருந்த வலிமை. ‘அன்று அவரால் பத்து மைல் நடக்க முடிந்தது’ என்பது நடந்தேறிய நடை. முன்னது அம்பர்ஃபே, பின்னது பஸ்ஸே கொம்போஸே. எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. ஆங்கிலத்தில் அறி என்னும் வினைக்கு இறந்தகால வடிவம் ஒன்றே. அதன் வழியாக வருபவர் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த யோசனை தாய்மொழியிலேயே முடிந்துவிட்ட ஒன்று. மலை நிற்கும் என்பது போல மூன்று காலத்துக்கும் பொதுவான நிலையைச் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியம் பிரித்துவைத்திருக்கிறது. காலம் வேறு, நிலை வேறு என்னும் அறிவு நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ‘எழுந்திருப்பார்’, ‘எழுந்துகொண்டிருந்தார்’, ‘தெரியும்’ என்று தமிழ் மூன்று வடிவங்களில் பிரித்துச் சொல்வதைப் பிரெஞ்சு ஒன்றிலேயே போட்டு வைத்திருக்கிறது என்றால், அந்த ஒன்றுக்கு ஒரே பொருள் எப்படி இருக்க முடியும்? மூன்று பயன்கள் என்று பட்டியலிட்டுக் கற்பதுதானே நேர்மை? பட்டியல் போடுவதில் தவறில்லை. ஆனால் அது காரணத்தைச் சொல்லாது. வழக்கம், நடந்துகொண்டிருத்தல், நிலை ஆகிய மூன்றிலும் பொதுவாக இல்லாதது ஒன்று உண்டு: கடைசிப் புள்ளி. வழக்கத்துக்குக் கடைசி நாள் சொல்லப்படுவதில்லை, நடந்துகொண்டிருப்பது முடியவில்லை, நிலைக்கு முடிவு குறிக்கப்படவில்லை. தமிழ் அந்த மூன்று அறைகளுக்கும் தனித்தனிக் கதவு வைத்தது. பிரெஞ்சு ஒரே கூடமாக விட்டுவிட்டது.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு; அதை மறைப்பது கற்பவருக்குச் செய்யும் துரோகம். ‘தனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னான்’ என்கிறோம். ‘என்று’ என்னும் ஒரு சொல், அவன் வாயில் இருந்த நிகழ்காலத்தை அப்படியே காப்பாற்றிக் கொடுத்துவிடுகிறது. பிரெஞ்சில் சொன்னது இறந்தகாலம் என்றால் உள்ளே இருப்பதும் பின்னுக்கு நகர வேண்டும்: அவன் சொன்னான், தான் நோயாக ‘ஏதெ’, இருந்ததாக. தமிழ் மாணவர் இங்கே நிகழ்காலத்தை விட்டுவைத்துத் தவறுவது இயல்பு. ஆங்கில வழி உதவும் ஓரிடம் இது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. முடிவு காட்டாத இறந்தகாலம் என்கிறீர்கள். இறந்தகாலமே இல்லாத இடங்களில் அம்பர்ஃபே என்ன செய்கிறது? ‘என்னிடம் பணம் இருந்தால் வீடு வாங்குவேன்’ என்பதில் பணம் இல்லாதது இன்று. வீடு வாங்க நினைப்பதும் இன்று. பிரெஞ்சோ, இருந்தால் என்னுமிடத்தில் ‘ஸி ழாவெ’ என்று அம்பர்ஃபே போடுகிறது. கடைக்காரரிடம் ஒன்று கேட்க வந்தவர் ‘ழெ வூலெ’ என்று, விரும்பு என்னும் வினையை அம்பர்ஃபேவில் தொடங்குகிறார். அவர் விருப்பம் இப்போதும் இருக்கிறது. சிறுவர்கள் விளையாடத் தொடங்கும்போது நான் திருடன், நீ போலீஸ் என்று வேடம் பிரித்துக்கொள்வதும் பல நேரம் இதே வடிவத்தில்தான். இவை தனிப் பயன்கள், பொது விளக்கம் பொருந்தாது என்று சொல்லத் தோன்றும். ‘இருந்தால்’ என்னும் தமிழ்ச் சொல்லையே பிரித்துப் பாருங்கள். இருந்து என்னும் இறந்தகால அடியோடு ஆல் சேர்ந்திருக்கிறது. நாளைய மழையைப் பற்றிப் பேசும்போதும் ‘பெய்தால்’ என்கிறோம். ‘பெய்வால்’ என்று ஒரு சொல்லே கிடையாது. கேட்க வந்தவரும் நம்மூரில் ‘உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று இருந்தேன்’ என்றுதான் ஆரம்பிப்பார். இறந்தகால வடிவம் இங்கே நேற்றைக் குறிக்கவில்லை. பேசும் இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி நிற்பதைக் குறிக்கிறது. உண்மையிலிருந்து தள்ளி நின்றால் அது கற்பனை. எதிரே இருப்பவரின் முகத்திலிருந்து தள்ளி நின்றால் அது மரியாதை. முடிவு திறந்தே இருப்பதும் இதில் பயன்படுகிறது. ‘கேட்கலாம் என்று இருந்தேன்’ என்று தொடங்கினவரால், எதிராளி முகம் சுளித்தால், அந்த விருப்பத்தைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிட முடியும். கேட்டே தீருவேன் என்று அவர் கதவைச் சாத்தவில்லை.

என் வாதத்துக்கு மிகக் கடினமான சான்று செய்தித்தாள்களிலும் வரலாற்று நூல்களிலும் இருக்கிறது. நெப்போலியன் 1821 மே 5 அன்று செயின்ட் ஹெலினா தீவில் இறந்தார். தேதி உண்டு, இடம் உண்டு, இதைவிட முடிந்துபோன செயல் வேறில்லை. ஆனாலும் பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவர் இங்கே ‘மூரெ’ என்று அம்பர்ஃபேவில் எழுதக்கூடும்; கால்பந்துச் செய்தியாளரும் கடைசி நிமிடத்தில் விழுந்த கோலை இப்படி எழுதுவார். கதைசொல்லும் அம்பர்ஃபே என்று இலக்கணிகள் இதற்குப் பெயர் வைத்து நெடுங்காலமாக வாதாடிவருகிறார்கள். இதைத் தனி வடிவம் என்று ஒதுக்கிவிட்டால் என் வாதத்துக்கு வசதிதான். ஆனால் ஒதுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். இந்தப் பயன் ஏறக்குறைய எப்போதும் ஒரு தேதியையோ ‘ஒரு நிமிடம் கழித்து’ போன்ற குறிப்பையோ துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வருகிறது. முடிந்தது என்னும் செய்தியை அந்தக் குறிப்பு சுமக்கிறது. வினை அந்தக் கணத்துக்குள் வாசகனை நிறுத்திவைக்கிறது. குறிப்பை எடுத்துவிட்டால் அதே ‘மூரெ’ சாகக் கிடந்தார் என்றாகிவிடும். வடிவத்தின் இயல்பு அங்கேயும் மாறவில்லை.

இதெல்லாம் வகுப்பறைச் சங்கதி என்று நினைப்பவர்களுக்கு 1857-ஆம் ஆண்டின் பாரிஸ் நீதிமன்றத்தைக் காட்ட வேண்டும். குஸ்தாவ் ஃப்ளோபேர் எழுதிய ‘மதாம் பொவாரி’ நாவல் ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று அவ்வாண்டு ஜனவரியில் வழக்கு நடந்தது. எம்மா என்னும் மணமான பெண் தனக்குக் காதலன் கிடைத்துவிட்டதை எண்ணிக் கண்ணாடி முன் பூரிக்கும் பகுதியை வாசித்துக்காட்டி, இது கள்ள உறவைப் புகழ்ந்து பாடுவது என்றார் அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார். அந்தப் பகுதியின் மையத்தில் ஃப்ளோபேர் ‘அவள் நினைத்தாள்’ என்று சொருகாமலே, அவள் அடையப்போகும் இன்பங்களை அம்பர்ஃபேவில் விவரித்துக்கொண்டு போகிறார். ஆசிரியரின் கூற்றும் பாத்திரத்தின் மனவோட்டமும் ஒரே வினைவடிவத்தில் கலந்துவிடுகின்றன. தடையாக நிற்க ‘என்று’ போன்ற சொல் எதுவும் இல்லை. எம்மாவின் கனவை ஆசிரியரின் தீர்ப்பு என்று பினார் எடுத்துக்கொண்டதுதான் குற்றச்சாட்டின் அடிப்படைப் பிழை என்பது ஜெர்மானிய இலக்கிய ஆய்வாளர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் பிற்காலத்தில் தந்த விளக்கம். பிப்ரவரி 7 அன்று ஃப்ளோபேர் விடுவிக்கப்பட்டார். பழைய நாவல் என்றால் கதாசிரியர் குறுக்கே வந்து அவள் தவறிழைத்தாள் என்று முடித்துவைப்பார். முடிவைக் காட்டாத வடிவம் அந்தத் தீர்ப்பையும் சேர்த்தே மறைத்துவிட்டது. அதுதான் அரசைக் கலங்கடித்தது.

ஃப்ளோபேரின் இந்தத் தீராத அம்பர்ஃபேவைப் பற்றி 1920 ஜனவரியில் ‘நூவெல் ரெவ்யூ ஃப்ரான்ஸேஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்த். வினைக்காலங்களையும் சின்னஞ்சிறு இலக்கணச் சொற்களையும் ஃப்ளோபேர் கையாண்ட விதம், உலகைப் பார்க்கும் நம் பார்வையையே ஏறக்குறைய தத்துவஞானி காண்ட் மாற்றிய அளவுக்குப் புதுப்பித்தது என்று அதில் வாதிட்டார். அவர் அப்படிச் சொன்னதற்குப் பின்னால் சொந்தக் காரணமும் இருந்தது. 1913-இல் வெளிவந்த அவருடைய நாவலின் முதல் பாகத்தில், கொம்ப்ரே என்னும் சிற்றூரின் ஞாயிற்றுக்கிழமைகள் பக்கம் பக்கமாக அம்பர்ஃபேவில் விரிகின்றன. அத்தை ஜன்னலோரம் படுத்திருப்பாள், சமையற்காரி வந்து செய்தி சொல்வாள், கோவில் மணி அடிக்கும். ஒவ்வொரு வாரமும் நடப்பதாகச் சொல்லப்படும் அந்த உரையாடல்கள், ஒரே ஒரு நாளில் மட்டுமே நிகழ்ந்திருக்கக்கூடிய அளவுக்கு நுணுக்கமானவை. யாரும் வாராவாரம் அதே சொற்களில் பேசிக்கொள்ள மாட்டார்கள். இந்த முரணை ழெரார் ழெனெத் என்னும் விமர்சகர் 1972-இல் வெளியான நூலில் எடுத்துக்காட்டி, ப்ரூஸ்தின் கலைக்கே இது ஆதாரம் என்று விரிவாக ஆராய்ந்தார். திரும்பத் திரும்ப நடந்ததாகச் சொல்லப்படும் ஒற்றை நாள். அதன் விவரம் எதுவும் குறையாது, அதன் மாலையும் வராது.

நம் வீடுகளில் பழைய கதை சொல்பவர்களும் அறியாமல் இதையேதான் செய்கிறார்கள். ‘நான் காபியைக் கொண்டுபோய் வைப்பேன், அவர் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு சொட்டு டிகாக்‌ஷன் விடு என்பார்’ என்று ஒரு பாட்டி சொன்னால், அந்த டம்ளரின் சூடுவரை எல்லாமே அதில் இருக்கும். எத்தனை நாள் அப்படி நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் எழுத உட்காரும் மாணவர், வைப்பேன் என்பதற்கு எதிர்காலத்தையும் தேட வேண்டியதில்லை, ஆங்கில வாய்பாட்டையும் தேட வேண்டியதில்லை. வை என்னும் வினையின் ‘நூ’ வடிவத்திலிருந்து கடைசி மூன்று எழுத்தை நீக்கி, ஏ-ஐ-எஸ் சேர்த்தால் போதும். பாட்டியின் கையில் டம்ளர் சூடாகவே இருக்கும்.